துருவைத் தொடாதே

போன மாதம் சுகந்தி என் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பினாள். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சிப் பள்ளியில் இப்போது அவள்தான் ஃபிட்டர் பிரிவு ஆசிரியை. ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது மூலையில் ஏதோ ஒரு பழைய இரும்புக் கருவி கிடைத்ததாம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "மேடம், ஃபோன்ல காட்டிக் கேட்டேன், ஸ்பேனர்னு சொல்லுது. நீங்க என்னா சொல்றீங்க?"

படத்தைப் பார்த்த கையோடு கூப்பிட்டேன். "அத கழுவாம வெச்சிருக்கியா?"

"இல்ல மேடம். டீசல்ல ஊற வெச்சு, பிரஷ் போட்டு, எண்ணெயும் தடவிட்டேன். புதுசாட்டம் இருக்குது."

"அப்ப ஃபோன் சொல்றதையே வெச்சுக்கோ" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அவளுக்கு வருத்தம். மறுநாள் கூப்பிட்டு, "என்னா தப்பு பண்ணேன்னு சொல்லிட்டுத் திட்டுங்க மேடம்" என்றாள். நியாயமான கேள்விதான். அதனால் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எண்பதுகளில் ஒரு வார்த்தை எழுத மறுத்ததற்காக, 'திமிர் பிடித்தவள்' என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடலாம்.

நான் படித்த கதையில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு விழுப்புரத்தில் லேத் பட்டறை. பெண் பிள்ளைகளைத் தையல் பிரிவில் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் ஃபிட்டர் பிரிவு கேட்டேன். "கையெல்லாம் அழுக்காயிடுமேம்மா" என்றார்கள். "சோப்பு இருக்குதே சார்" என்றேன். அரம் பிடித்தேன், உலையில் நின்றேன், அப்ரண்டிஸ் முடித்தேன். விழுப்புரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். அதே அறக்கட்டளைக்குத் திண்டிவனத்திலும் ஒரு பள்ளி இருந்தது.

விழுப்புரத்தில் எங்கள் பிரின்ஸிபால் தணிகாசலம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் காலிப்பர் குத்தியிருப்பார். எந்த இரும்பைத் தொட்டாலும் தொடுவதற்கு முன் பஞ்சுக் கழிவால் துடைப்பார், தொட்ட பிறகும் துடைப்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "இத செய்யுங்க" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "ஒரு யோசனை பண்ணிப் பாருங்களேன்" என்பார். அதுதான் உத்தரவு. யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. வேலை தெரியாத மனிதர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே ஒரு தகட்டின் மேடு பள்ளத்தைச் சொல்லிவிடுவார்.

அவருக்குத் துரு ஆகாது. எங்கள் பட்டறையில் அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து எந்த இரும்பு வந்தாலும் வாசலில் இருக்கும் கெரசின் தட்டில் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்த பிறகுதான் மேஜைக்கு வர வேண்டும். மாணவன் கொண்டுவரும் பழைய சைக்கிள் செயினுக்கும் அதுதான், அறக்கட்டளைத் தலைவர் வீட்டுப் பூட்டுக்கும் அதுதான். அட்டெண்டர் கோதண்டம் அந்தச் சட்டத்தைச் சாமி காரியம் போல நடத்தி வந்தார்.

ஒரு நாள் காலையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், சாக்கில் சுற்றிய கருவி ஒன்றைக் கொண்டுவந்து பிரின்ஸிபாலிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோர்ட் உத்தரவு. இது என்ன கருவி, எதற்குப் பயன்படுவது என்று பள்ளி சார்பில் எழுதித் தர வேண்டும். விஷயம் இதுதான்: விழுப்புரம் ஜங்ஷனுக்குச் சற்றுத் தள்ளி, ரயில் பாதை ஓரத்துச் சிக்னல் கம்பம் ஒன்றின் அடியில் நட்டுகள் காணாமல் போயிருந்தன. அந்தச் சமயத்தில் பாதையைக் கடந்துகொண்டிருந்த ஏழுமலை என்ற ஆளைப் பிடித்திருந்தார்கள். கெடார் பக்கத்துக் கூலி வேலைக்காரர். நட்டு ஒன்றும் அவரிடம் இல்லை, சாக்கில் இந்தக் கருவி மட்டும் இருந்தது. ஏரியில் மண் வெட்டும்போது கிடைத்தது, எடைக்குப் போட எடுத்து வந்தேன் என்று அவர் சொன்னார். என்ன கருவி என்று கேட்டால் தெரியாது என்றார். தெரியாது என்றதே குற்றத்துக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரயில் சிக்னலில் கை வைத்த வழக்கு. நிரூபணமானால் பல வருஷம் உள்ளே இருக்க வேண்டும்.

பிரின்ஸிபால் அந்த வேலையை எனக்கு ஒதுக்கினார். வகுப்பை முடித்துவிட்டு நான் பட்டறை வாசலுக்கு வந்தபோது கோதண்டம் கருவியைத் தட்டில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோதண்டம், கைய எடுங்க."

"இன்னா மேடம்? பாதி ஆயிடுச்சு. ஜல்தியா முடிச்சிடுறேன்."

"பாதியோட நிறுத்துங்க. தொடாதீங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் சட்டப்படி செய்ததை யாரும் தடுத்ததில்லை. ஆனால் அவருடைய பழக்கமே அன்று காப்பாற்றியது. தலை கனமான கருவியைத் தேய்க்கும்போது யாரும் கனமான பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாலிலிருந்துதான் தேய்க்க ஆரம்பிப்பார்கள். கோதண்டமும் அப்படித்தான் செய்திருந்தார். வால் பக்கம் பாதி வரை வெளுத்துவிட்டது. தலை அப்படியே இருந்தது.

முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பி. வால் கொக்கி போல வளைந்திருந்தது. தலை தடித்த உருண்டை, அதன் நடுவே சதுர ஓட்டை. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் ஸ்பேனர் என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது.

பெயர் தெரியாத கருவி கைக்கு வந்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். கை எங்கே பிடித்தது? அடி எங்கே விழுந்தது? சூடு எங்கே பட்டது? இந்த மூன்றுக்கும் இரும்பு பதில் சொல்லிவிடும். பெயர் தானாகப் பின்னால் வரும்.

லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தலையின் ஒரு முகம் தட்டையாக இருந்தது. இன்னொரு முகம் ஓட்டையைச் சுற்றி லேசாக மேடிட்டு, அந்த மேட்டின் மேல் சின்னச் சின்னப் பள்ளங்கள். சுத்தியல் தவறி விழுந்த தழும்புகள். ஸ்பேனரின் முகத்தில் யாரும் சுத்தியலால் இப்படி வளைத்து வளைத்து அடிக்க மாட்டார்கள். சதுர ஓட்டை நேராக இல்லை. மேட்டுப் பக்கம் குறுகி, தட்டைப் பக்கம் போகப் போக அகன்றது. ஸ்பேனரின் ஓட்டை அப்படி அகன்றால் நட்டைப் பிடிக்காது. இது கொல்லன் கருவி. ஒரு முனை கூம்பிய கம்பியைக் காய்ச்சி, குறுகிய பக்கமிருந்து இறக்கி, மேலே நிற்கும் துண்டை அடித்துப் பரத்தினால் தலை வைத்த ஆணி. கவிழ்த்துத் தட்டினால் ஆணி இறங்கிய வழியே தலைகீழாகக் கழன்று விழுந்துவிடும். பெரிய கதவுகளுக்கும் வண்டிகளுக்கும் அடிக்கும் விரல் தடிமன் ஆணி. மெஷின் ஆணி கடைக்கு வந்த பிறகு இதை யாரும் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. ஆணித் தலை அச்சு என்று சொன்னால் போதும்.

அதைவிட முக்கியமானது ஓட்டைக்குள் இருந்தது. உள்சுவர் முழுக்கத் தடித்த துரு, எங்கும் பெயராமல் ஒரே படலமாக. நான்கு மூலையிலும் காய்ந்த கறுப்புக் களிமண் இறுகிக் கிடந்தது. அந்த ஓட்டைக்குள் பல வருஷமாக எதுவும் நுழைந்ததில்லை.

தணிகாசலம் சாரிடம் காட்டினேன். அவர் காலிப்பரை எடுத்தார். ஓட்டைக்குள் விடாமல் வெளி விளிம்பில் மட்டும் இரண்டு பக்கமும் அளந்தார். துடைக்கக் கை பஞ்சைத் தேடியது, பிறகு நிறுத்திக்கொண்டார். "ஆணிக்குத் தலை அடிக்கிறதும்மா இது" என்றார். என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஒரு சதுர நட்டோடு வந்தார். அதே கம்பத்தில் மிச்சமிருந்த நட்டு.

"போட்டுப் பாருங்க மேடம். சேர்ந்தா வேலை முடிஞ்சுது."

நான் ஓட்டையின் மேல் துணியைச் சுற்றிக் கட்டினேன். "இதுக்குள்ள எதையும் போட வுட மாட்டேன் சார்."

"ஏன்? பயமா?"

"போட்டா உள்ள இருக்குற துரு பேந்துடும். அப்புறம் அத பேத்தது அந்த ஆளா, நீங்களான்னு யாரால சொல்ல முடியும்?"

"சின்ன விஷயத்த போயி பேஜாரு பண்றீங்களே" என்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. ஆனால் அந்த நெருக்கடிக்காக ஜெயிலில் கிடந்தவர் ஏழுமலை. இன்ஸ்பெக்டர் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், ஏழுமலை போக முடியாது.

இன்ஸ்பெக்டர் போன பிறகு பிரின்ஸிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, நாற்காலியைக் காட்டினார். "நீங்க எழுதுறது சரிதான். ஆணி அச்சுன்னே எழுதுங்க. கடைசில ஒரு வரி மட்டும், 'நட்டு கழற்றவும் பயன்படக்கூடும்'னு சேத்துடலாமான்னு ஒரு யோசனை பண்ணிப் பாருங்களேன்."

"எதுக்கு சார்?"

"பஸ் ஸ்டாண்டுல நம்ம பசங்க சண்ட போட்டப்ப அவரு கேஸு போடாம அனுப்புனாரு. நாளைக்கும் அவரு வேணும். பொய்யா எழுதச் சொல்லல. கூடும்தானே?"

இங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறியது. தெரியாதவர் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். இவர் தெரிந்தவர். என் முன்னாலேயே அளந்து சொன்னவர். "எல்லாமே எல்லாத்துக்கும் கூடும் சார். உங்க பையில இருக்குற காலிப்பரால பூட்டக் கூட நெம்பலாம். அதுக்காக அத எழுதுவீங்களா? எதுக்குச் செஞ்சாங்கன்னு எழுதுவேன். எதுக்கு உபயோகப்படலன்னும் எழுதுவேன். 'கூடும்' எழுத மாட்டேன்."

அவர் காலிப்பரை ஒரு தடவை பார்த்தார். "யோசனை பண்ணுங்க" என்றார் மறுபடியும்.

"பண்ணிட்டேன் சார். வேணாம்."

அன்று முதல் அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் உலையைப் பற்ற வைத்தேன். அசலைத் தொடாமல், அதே அளவில் ஒரு நகல் செய்வதென்று முடிவு. கோதண்டம் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே வந்து சம்மட்டியை எடுத்தார். "நேத்து கத்துனீங்களே, அது எதுக்குன்னு இப்ப தெரியுது. புடிங்க மேடம், அடிக்கிறேன்" என்றார். லாரியின் பழைய ஆக்சில் துண்டைக் காய்ச்சித் தலையைத் திரட்டி, கூம்பிய சதுர உளியைத் தட்டைப் பக்கமிருந்து இறக்கி ஓட்டை போட்டோம்.

முதலில் ஆணி. கம்பியைச் சிவக்கக் காய்ச்சி இறக்கினேன், நாலு புறமும் தட்டினேன், கருவியைக் கவிழ்த்து ஒரு தட்டு. ஆணி தரையில் விழுந்தது. அடுத்தது, இன்ஸ்பெக்டர் கொண்டுவந்ததன் அளவிலேயே ஒரு சதுர நட்டு. ஒரு போல்ட்டை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் கட்டி, நட்டை முறுக்கி இறுக்கி, நகலின் அகன்ற பக்கத்தை அதன் மேல் போட்டுத் திருப்பினேன். ஓட்டை சரிவாக இருப்பதால் ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு வந்தது. நட்டின் மூலைகள் மழுங்கின. நகலின் உள்சுவரில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் விழுந்தன. அந்தக் கீறல்களைத்தான் நான் தேடினேன். அசல், நகல், ஆணி மூன்றையும் கோர்ட்டுக்கு எடுத்துப் போனேன்.

கோர்ட் வராந்தாவில்தான் ஏழுமலையை முதலில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் யார் பக்கத்துச் சாட்சி என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் கும்பிடுவதா வேண்டாமா என்று தடுமாறினார்.

அரசுத் தரப்பு வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார். "இந்த ஓட்டையில அந்த நட்டு நுழையுமா, நுழையாதா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நுழையும்."

ஏழுமலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வக்கீல் உட்காரப் போனார்.

"உக்காராதீங்க சார். நான் இன்னும் முடிக்கல" என்றேன். அப்படிச் சொல்லலாமா கூடாதா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார், தடுக்கவில்லை. "நுழையும். ஆனா இதுவரைக்கும் நுழையல. ஒரு தடவ நுழைஞ்சு திரும்பியிருந்தா உள்ள எப்படி இருக்கும்னு இந்த நகல்ல பாருங்க. அசல்ல ஏரி மண்ணு மூலையில அப்படியே நிக்குது. அந்த மண்ண கலைக்காம நட்டு கழட்ட யாராலயும் முடியாது."

"கருவியோட பாதி தேச்சிருக்குதே. அத அழிச்சது யாரு?"

"எங்க பட்டறைலதான் தேச்சாங்க. அந்தப் பாதிய பத்தி நான் ஒரு வார்த்தையும் சொல்லல. நட்டு வால்ல நுழையாது, தலையிலதான் நுழையும். தலைய யாரும் தொடல."

மாஜிஸ்திரேட் என் லென்ஸை வாங்கி இரண்டு ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடித்த ஆணியைக் கையில் எடுத்து, நகலில் விட்டு, கவிழ்த்துப் பார்த்தார். மேஜை மேல் விழுந்தது. விசாரணை முடிந்து ஏழுமலையை விடுவித்தார்கள்.

அதன் பிறகு தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டார். "திண்டிவனத்துல ஃபிட்டருக்கு ஆளு இல்லையாம். ஒரு யோசனை பண்ணிப் பாருங்களேன்." இந்தத் தடவை என் யோசனைக்கு அங்கே வேலை இல்லை. தண்டனை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினம் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வந்தேன். என் சாமான் பெட்டியைத் திண்டிவனத்தில் திறந்தபோது, கோர்ட்டிலிருந்து பள்ளிக்குத் திரும்பி வந்திருந்த அந்த நகல் அடியில் இருந்தது. அவர்தான் வைத்திருக்கிறார். துருவென்றால் ஆகாத மனிதர், எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசுகிறவர், உள்ளே இருந்த கீறல்கள் மறையக் கூடாதென்று எண்ணெய் தொடாமல் உலர்ந்த துணியில் சுற்றி வைத்திருந்தார். மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. ஆனாலும் நான் நன்றி சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சில மாதம் கழித்து ஏழுமலை என்னைத் தேடிக்கொண்டு திண்டிவனம் வந்தார். பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்காக வரவில்லை.

"கோர்ட்டு வுட்டுடுச்சும்மா. ஊரு வுடல. எவனும் வேலைக்குக் கூப்புட மாட்டேங்குறான். புள்ளைங்கள 'சிக்னலு, சிக்னலு'ன்னு கூப்புட்டுக்கினு திரியுறாங்க. தீர்ப்பு வந்துடுச்சேன்னு சொன்னா, வக்கீலு கெட்டிக்காரன்றாங்க." உலையைக் கையால் காட்டினார். "அந்தக் கருவில செஞ்ச ஆணி ஒண்ணு குடுங்கம்மா. இதுக்குத்தான்டா அதுன்னு காட்டிடுறேன். கண்ணால பாத்தா வாய மூடுவானுங்க."

நான் உலையைப் பற்ற வைத்தேன். நகலை அவர் கையில் கொடுத்தேன். பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அத நான் தொட மாட்டேம்மா. தொட்டதுக்குத்தான் அவ்ளோ பட்டேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். நீங்களே புடிங்க."

பிடித்தார். கொக்கிப் பக்கம் எங்கே கை வைக்க வேண்டுமோ அங்கே, நான் சொல்லாமலே அவர் கை போய் உட்கார்ந்தது. சிவந்த கம்பியை இறக்கினேன், அடித்தேன். "இப்ப கவுத்துத் தட்டுங்க" என்றேன். கவிழ்த்து மெதுவாகத் தட்டினார். விழவில்லை. இன்னொரு தடவை ஓங்கித் தட்டினார். ஆணி விழுந்து தரையில் உருண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கருவியைக் கீழே வைக்கவும் இல்லை.

"போதும்மா. ஒண்ணு போதும்" என்றார்.

"ஒண்ணு போதாது. புடிங்க" என்று அடுத்த கம்பியைச் செருகினேன். உலையில் இருந்த கம்பி தீரும்வரை அடித்தோம். கடைசியில் அவர் தட்டும் சத்தம் என் சுத்தியல் சத்தத்தைவிடப் பலமாகக் கேட்டது. ஆறிய ஆணிகளைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, ரோடு வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்.

ஓய்வு பெற்றபோது அந்த நகலைப் பள்ளிச் சொத்து என்று ஸ்டோரிலேயே விட்டு வந்தேன். சுகந்தி, நீ படம் எடுத்து அனுப்பியது அதுதான். ஒரு மனுஷனை வெளியே கொண்டுவந்த கீறல்களை நீ டீசலில் ஊற வைத்துத் தேய்த்துவிட்டாய். போனது போகட்டும், இனி உன்னைத் திட்டப் போவதில்லை. ஃபோனிடம் திரும்பக் கேட்கவும் வேண்டாம். உலையைப் பற்ற வை, ஒரு கம்பியைக் காய்ச்சிக் குறுகிய பக்கம் இறக்கு, அடி, கவிழ்த்துத் தட்டு. கீழே விழுவதை எடுத்து, ஸ்பேனர் என்று சொல்கிறவர்கள் கையில் கொடு.